லண்டன் க்ளையன்ட் பணம் தராமல் இழுத்தடித்தால்: சட்டப்படி வட்டி கேட்கலாம்

லோகோவின் இறுதி ஃபைல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. க்ளையன்ட் அதைத் தன் இணையதளத்தில் போட்டும் ஆயிற்று. இன்வாய்ஸ் அனுப்பி இரண்டு மாதமாகிறது. கேட்டால் கணக்குப் பிரிவிலிருந்து ஒரே பதில்: "அடுத்த பேமென்ட் ரன்னில் போய்விடும்." வெளிநாட்டு க்ளையன்ட்டுக்கு வரைபவர், எழுதுபவர், வீடியோ எடிட் செய்பவர் எல்லோருக்கும் இந்த வரி பழக்கமானது. கடல் தாண்டி இருக்கும் கம்பெனியை நாம் என்ன செய்துவிட முடியும் என்று பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். க்ளையன்ட் பிரிட்டனில் இருந்தால் அப்படி விட வேண்டிய அவசியமே இல்லை.

அங்கே 1998-லேயே இதற்கென்று ஒரு சட்டம் வந்துவிட்டது. பெயர் 'லேட் பேமென்ட் ஆஃப் கமர்ஷியல் டெட்ஸ் இன்ட்ரெஸ்ட் ஆக்ட்'. ஒரு தொழில் இன்னொரு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தைத் தாமதித்தால், தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் வட்டி தர வேண்டும் என்கிறது அது. தனியாக உட்கார்ந்து வேலை செய்யும் ஃப்ரீலான்சரும் இதன் கண்ணில் ஒரு தொழில்தான். வட்டியைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாவிட்டாலும் உரிமை உண்டு. பணம் தர வேண்டிய தேதியைப் பேசிக்கொள்ளவில்லை என்றால், இன்வாய்ஸ் போய்ச் சேர்ந்த நாள், வேலையை ஒப்படைத்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 30 நாள் கெடு.

வட்டி விகிதம், பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டியோடு 8 சதவீதப் புள்ளி. ஜனவரி முதல் ஜூன் வரை கெடு தாண்டும் பாக்கிக்கு முந்தைய டிசம்பர் 31 அன்று இருந்த விகிதம், ஜூலை முதல் டிசம்பர் வரை தாண்டுவதற்கு ஜூன் 30 அன்று இருந்த விகிதம். இது போக, ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஒரு நிலையான இழப்பீடும் உண்டு. பாக்கி 1,000 பவுண்டுக்குக் கீழே என்றால் 40 பவுண்டு, 1,000 முதல் 10,000-க்குள் என்றால் 70, அதற்கு மேல் 100. பணத்தை வசூலிக்க நியாயமாக ஆன செலவு இதைத் தாண்டினால் மீதியையும் கேட்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 பவுண்டு இன்வாய்ஸ் ஒன்று 2025 ஆகஸ்டில் கெடு தாண்டுகிறது. 2025 ஜூன் 30 அன்று அடிப்படை வட்டி 4.25%. எட்டைக் கூட்டினால் 12.25%. ஆண்டுக்கு 147 பவுண்டு, அதாவது நாளொன்றுக்கு சுமார் 40 பென்ஸ். நூறு நாள் தாமதத்துக்கு வட்டி 40 பவுண்டு 27 பென்ஸ், இழப்பீடு 70. மொத்தம் 1,310 பவுண்டு 27 பென்ஸ். தொகை சின்னதாகத் தெரியலாம். ஆனால் சட்டத்தின் பெயரோடு, பென்ஸ் வரை சுத்தமாகக் கணக்குப் போட்ட இன்வாய்ஸ் ஒன்று போய் நின்றால், கணக்குப் பிரிவு அதைக் கெஞ்சல் மெயில்களோடு சேர்த்து ஒதுக்கிவைக்க முடியாது. தயங்காமல் அனுப்புங்கள். அது உங்கள் பணம்.

இதில் இந்தியாவில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், சேவை ஒப்பந்தத்துக்குச் சேவை தருபவர் வசிக்கும் நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதே பிரிட்டிஷ் கோர்ட்டுகளின் பொது விதி. அதாவது மதுரையில் இருந்து வேலை செய்தால் இந்தியச் சட்டம். அப்போது அசலைக் கேட்டு அங்கே வழக்குப் போடலாம், கோர்ட்டும் தன் அதிகாரத்தில் வட்டி சேர்க்கலாம். ஆனால் 1998 சட்டத்தின் வட்டியையும் இழப்பீட்டையும் உரிமையாகக் கேட்பது கடினமாகிவிடும். அதனால் கொட்டேஷனிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இந்த ஒப்பந்தத்துக்கு இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் சட்டம் பொருந்தும். க்ளையன்ட் இதை மறுக்க மாட்டார், அது அவருடைய ஊர்ச் சட்டம். இன்னும் சொல்லப்போனால், பல பிரிட்டிஷ் கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இந்த வரி பொடி எழுத்தில் இருக்கும். பழைய பாக்கி ஏதாவது நின்றால் முதலில் அந்த பி.ஓ.வைத் தேடி எடுத்துப் படியுங்கள்.

"தாமதத்துக்கு வட்டி கிடையாது" என்று க்ளையன்ட் தன் நிபந்தனையில் போட்டிருந்தால்? தாமதத்துக்கு ஈடாக வேறு உருப்படியான தீர்வு எதையும் தராமல் வட்டியை மட்டும் மறுக்கும் நிபந்தனை செல்லாது. 60 நாளுக்கு மேல் கெடு வைத்திருந்தாலும், அது உங்களுக்குப் பெரும் அநியாயம் என்றால் செல்லாது. "எங்கள் க்ளையன்ட் எங்களுக்கு இன்னும் தரவில்லை" என்று விளம்பர ஏஜென்சிகள் சொல்வதும் உண்டு. அப்படி ஒரு நிபந்தனைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டிருக்காவிட்டால், அது அவர்களுடைய பிரச்சினை.

அடுத்தது காபிரைட். பிரிட்டனின் 1988 காபிரைட் சட்டப்படி, படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் படைத்தால்தான் அது முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்சர் கையெழுத்திட்டு எழுதித் தராதவரை உரிமை கைமாறாது. ஆனால், காசு கொடுத்து வரையச் சொன்னவருக்கு அதைப் பயன்படுத்தும் மறைமுக அனுமதி உண்டு என்று கோர்ட் சொல்ல இடமிருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்க, கொட்டேஷனிலும் இன்வாய்ஸிலும் இப்படி எழுதுங்கள்: முழுத் தொகையும் வந்து சேர்ந்த பிறகே பயன்படுத்தும் உரிமமும் காபிரைட்டும் க்ளையன்ட்டுக்கு மாறும். இந்த வரி இருந்து, பணம் தராமலே உங்கள் படத்தை அவர் இன்ஸ்டாகிராமிலோ அமேசானிலோ போட்டிருந்தால், அந்தத் தளத்தின் காபிரைட் புகார்ப் படிவத்தை நிரப்பி அதை நீக்கக் கேட்கலாம். பல நேரம் வட்டியை விட இதற்கு வேகம் அதிகம். அந்த வரி இல்லாமல் புகார் போட்டுவிடாதீர்கள், அது உங்கள் மேலேயே திரும்பலாம்.

சரி, மெயிலுக்கும் பதில் இல்லை. இனி கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்துக்குப் போங்கள். பிரிட்டனில் பதிவான எல்லாக் கம்பெனிகளின் விவரமும் அங்கே இலவசமாகக் கிடைக்கும். பதிவு எண், பதிவு முகவரி, இயக்குநர்கள் பெயர், தாக்கல் செய்த கணக்குகள் எல்லாம் இருக்கும். 'ஸ்டேட்டஸ்' என்ற இடத்தை முக்கியமாகப் பாருங்கள். 'ஆக்டிவ் ப்ரொபோசல் டு ஸ்ட்ரைக் ஆஃப்' என்றிருந்தால் கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் ஏற்பாடு நடக்கிறது என்று பொருள். பாக்கி நிற்கும்போதே சிலர் இப்படிக் கம்பெனியை மூடப் பார்ப்பார்கள். பணம் வர வேண்டியவர் என்ற முறையில் இன்வாய்ஸை ஆதாரமாக இணைத்து நீங்கள் ஆன்லைனிலேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம், கட்டணம் இல்லை. இதைச் செய்ய நீங்கள் பிரிட்டனில் இருக்க வேண்டியதில்லை.

அப்புறம், அந்தப் பதிவு முகவரிக்கு ஒரு கடைசிக் கடிதம். அங்கே இதை 'லெட்டர் பிஃபோர் ஆக்‌ஷன்' என்பார்கள். அசல், வட்டி, இழப்பீடு, பணம் போட வேண்டிய வங்கி விவரம், கெடு தேதி ஆகியவை இருந்தால் போதும். கம்பெனிக்கு 14 நாள் தருவது வழக்கம். எதிராளி தனிநபராகத் தொழில் செய்பவர் என்றால் 30 நாள் தர வேண்டும். திட்டவோ உருகவோ வேண்டாம், ஒரு பக்கத்தில் முடியுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் கோர்ட். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையிலான பாக்கி, பொதுவாக 'ஸ்மால் கிளெய்ம்ஸ்' என்ற எளிய நடைமுறையில் போகும். வக்கீல் கட்டாயமில்லை. கட்டணம் தொகையைப் பொறுத்தது, ஜெயித்தால் எதிராளி தலையில்தான் விழும். 2024 மே மாதத்திலிருந்து இத்தகைய பண வழக்குகளை எதிர்த்தரப்பு மறுத்தால், விசாரணைக்கு முன் தொலைபேசியில் இலவச சமரசப் பேச்சு கட்டாயம். வெளிநாட்டில் இருப்பவருக்குச் சிக்கல், கோர்ட் கடிதங்களைப் பெற பிரிட்டனுக்குள் ஒரு முகவரி வேண்டும் என்பதுதான். லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ நம்பிக்கையான சொந்தக்காரரோ நண்பரோ இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு அந்த முகவரியைக் கொடுக்கலாம். வரும் கடிதத்தை அன்றே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதில் கெடு தேதி இருக்கும்.

தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் க்ளையன்ட் பணம் தராவிட்டால், அது பொதுப் பதிவேட்டில் ஆறு ஆண்டு நிற்கும். கடன் வாங்கும்போதெல்லாம் இடிக்கும். அதனாலேயே பலர் அந்த மாதத்துக்குள் கட்டிவிடப் பார்ப்பார்கள். ஒப்பந்தத்துக்கு இங்கிலாந்துச் சட்டம் பொருந்தினால், வழக்குப் போட, பணம் தர வேண்டிய தேதியிலிருந்து ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

இங்கே உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருப்பவர்கள், சிறுதொழில்களின் பாக்கித் தகராறுகளைக் கேட்கும் எம்.எஸ்.எம்.இ கவுன்சிலில் புகார் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ சட்டத்தின் 18-ஆவது பிரிவு, வாங்குபவர் "இந்தியாவில் எங்கிருந்தாலும்" என்றுதான் சொல்கிறது. லண்டன் க்ளையன்ட்டை அந்த வழியில் பிடிக்க முடியாது.

கடைசியாக ஜி.எஸ்.டி விஷயம். ஜி.எஸ்.டி பதிவு பெற்று, எல்.யு.டி என்ற உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து வரி கட்டாமல் இன்வாய்ஸ் போடுபவர் என்றால், இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓராண்டு, அந்நியச் செலாவணிச் சட்டம் தரும் கெடு ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் அந்நியச் செலாவணி வந்து சேர வேண்டும். வராவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் வரியையும் 18% வட்டியையும் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். கமிஷனர் கூடுதல் அவகாசம் தர விதியில் இடமுண்டு. எனவே இன்வாய்ஸ் பத்து மாதத்தைத் தொடும்போதே ஆடிட்டரைப் பார்த்து, அனுப்பிய கடிதங்களின் நகல்களோடு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.