58 டிகிரியில் மக்கும் குவளை, 25 டிகிரி மண்ணில்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி முடிந்த பிற்பகலில், ஏழு கறி பரிமாறிய வாழையிலைகள் ஒரு பக்கமும், எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொடுத்த குவளைகள் மறுபக்கமும் கோயில்களில் குவிந்து கிடக்கும். குவளை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அடியில் ‘மக்கும்’ என்று பொறித்திருக்கும். ஓர் ஆண்டு, ஓர் இலையையும் ஒரு குவளையையும் எங்கள் வீட்டு வாழைமரத்தடியில் ஒரே குழியில் புதைத்து வைத்தேன். ஆறு மாதம் கழித்துத் தோண்டியபோது இலையில் நடுநரம்பின் நான்கைந்து நார்களே மிஞ்சியிருந்தன. குவளையையோ, மண்ணைக் கழுவிவிட்டால் மறுபடியும் பந்தியில் வைக்கலாம் போலிருந்தது.

பொறித்த சொல் பொய்யில்லை. அது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அந்தக் குவளை பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது. சோளத்தின் அல்லது கரும்பின் சர்க்கரையை, தயிரைப் புளிக்க வைக்கும் வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்களிடம் கொடுத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். அதன் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்தால் பிளாஸ்டிக். சாதாரணப் பாலித்தீனின் முதுகெலும்பு முழுவதும் கார்பன் அணுக்களாலானது, அதை நீரால் வெட்ட முடியாது. இதிலோ ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு கோப்பது, ஆக்சிஜன் அணு இடையில் வரும் எஸ்டர் பிணைப்பு என்பதால் நீர் அதை வெட்டும். அப்படி வெட்டுண்டு சங்கிலி போதுமான அளவு குறுகிய பிறகுதான் நுண்ணுயிர்கள் அதை உள்ளே இழுத்து உண்ண முடியும்.

சிக்கல் முதல் படியில் இருக்கிறது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்தச் சங்கிலிகள் அசையாமல் இறுகிக் கிடப்பதால், நீர் உள்ளே போய்ப் பிணைப்புகளை வெட்டுவது மிகவும் மெதுவாகவே நடக்கிறது. இதே குவளையில் கொதிக்கும் தேநீரை ஊற்றினால் அது துவண்டுபோவதற்கும் அந்த எல்லையே காரணம். பெரிய உரக்கிடங்குகளில் நுண்ணுயிர்களின் உழைப்பாலேயே குவியல் சூடாகிறது (சாணக் குப்பைக்குள் கைவிட்டவர்களுக்கு இது தெரியும்). ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரநிலை அந்தச் சூழலையே மனத்தில் கொண்டது; 58 டிகிரியை ஒட்டிய சோதனையில் ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைந்தால் பொருள் தேறிவிடும். எங்கள் தோட்டத்து மண் 25 டிகிரியை ஒட்டி நிற்கிறது. தீவின் குப்பை சென்று சேரும் மார் சிக்கோஸ் நிலநிரப்பிலோ காற்றும் இல்லை, இந்தப் பொருளுக்கு வேண்டிய சூடும் இல்லை.

இதைத் திருத்தப் பல வழிகள் உள்ளன. மாவுப்பொருளைக் கலந்தால் நுண்ணுயிர்கள் அதை முதலில் தின்றுவிட, மிஞ்சும் துளைகள் வழியே நீர் நுழைகிறது. சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகப் பகுதிகளைக் குறைத்தாலும் சிதைவு விரைவுபடும். ஆனால் பொருளின் உறுதியும் வெப்பம் தாங்கும் திறனும் அதனுடன் குறைகின்றன.

எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது, வெட்டும் கத்தியைப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே வைத்துவிடும் வழி. புரோட்டினேஸ் கே என்னும் நொதி ஒரு பூஞ்சையிலிருந்து கிடைப்பது. முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டினைச் செரிக்கும் இது பாலிலாக்டிக் அமிலத்தையும் வெட்டும். நொதியும் ஒரு புரதம்தான் என்பதால் பிளாஸ்டிக்கை உருக்கும் சூட்டில் அது குலைந்துவிடும். 2021இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டிங் ஷு தலைமையிலான குழு, நொதி மூலக்கூறுகளைத் தனித்தனியே ஒரு காப்புப் பாலிமரில் பொதிந்து பிளாஸ்டிக்கில் பரப்பியது. உலர்ந்திருக்கும்வரை பொருள் உறுதியாகவே இருந்தது. 50 டிகிரிச் சூட்டில் இருந்த உரக்குவியலில் ஆறு நாளில் சிதைந்தது. இந்த நொதி கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. பூச்சரத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பூவாக உதிர்ப்பது போல, சங்கிலியின் நுனியைப் பற்றிக் கடைசிவரை அவிழ்க்கிறது. அதனால்தான் நுண்பிளாஸ்டிக் துணுக்குகள் மிஞ்சுவது தவிர்க்கப்படுகிறது.

சூட்டை நம்பாத இன்னொரு பிளாஸ்டிக்கை இயற்கையே செய்து வைத்திருக்கிறது. 1926இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மொரிஸ் லெமுவான் கண்டறிந்த பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட், பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் சேமிக்கும் உணவு. அவை தம் பஞ்ச காலத்துக்குச் சேர்த்து வைத்த பண்டம் என்பதால், அதை வெட்டித் தின்னும் நொதிகள் மண்ணிலும் கடல்நீரிலும் வாழும் பல நுண்ணுயிர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. விலை கூடுதல், தனியாக இருந்தால் எளிதில் முறியும். எனினும் எங்கள் கடற்கழியில் விழுந்துவிட்டால் அதற்கு 58 டிகிரி தேவையில்லை.

அடுத்த காவடிக்குக் குவளை வாங்கப் போகும்போது, எத்தனை டிகிரியில் மக்கும், மண்ணிலா உரக்கிடங்கிலா என்று கடைக்காரரிடம் கேட்கப் போகிறேன்.