வால்சக்கர விமானம்: தரை தொட்ட பிறகுதான் கவனம் தேவை

மலேசியாவின் குளுவாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் உரம் தூவும் விமானங்களை ஓட்டியும், வால்சக்கர விமானத்துக்குப் புதிதாக வரும் விமானிகளைப் பழக்கியும் வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எல்லாரும் அஞ்சுவது சக்கரம் தரையைத் தொடும் நொடியை. ஆனால் கட்டுப்பாடு கைநழுவுவது பெரும்பாலும் அதற்குப் பின்னர், இறங்கியாயிற்று என்று விமானி கால்களைத் தளர்த்தும்போதுதான்.

முன்னே இரு பிரதான சக்கரங்களும் வாலில் ஒரு சிறு சக்கரமும் கொண்ட இவ்வகை விமானத்தின் எடைமையம், அந்தப் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு சற்றே திரும்பினாலும், முன்னோக்கி ஓடும் அந்த எடை திருப்பத்தை மேலும் வளர்க்கும். பழக்குலை ஏற்றிய டிரெய்லரை டிராக்டரால் பின்னோக்கித் தள்ளும்போது சிறு கோணல் பெருங்கோணலாவதைத் தோட்டத்தில் யாரும் பார்த்திருக்கலாம். செஸ்னா 172 போன்ற மூக்குச்சக்கர விமானங்களில் எடைமையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் அதே எடை விமானத்தை நேராக்கிவிடுகிறது. அவற்றிலேயே பழகிய கால்கள் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டவை.

வேகம் குறையக் குறைய, கால் பெடல்களால் இயக்கும் வால் திசைத்திருப்பியான ரடருக்குக் கிடைக்கும் காற்றோட்டமும் குறைகிறது, பக்கக்காற்றோ குறைவதில்லை. இருபுறமும் செம்பனை நிற்கும் நம் ஓடுதளங்களில், மர வரிசையை லாரிப்பாதை வெட்டும் இடத்தில் அதுவரை மறைந்திருந்த காற்று வாலில் அறைய, மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். அப்போது எதிர்ப்பக்கப் பெடலைச் சட்டென அழுத்தி, திருப்பம் நிற்கத் தொடங்கியதுமே அழுத்தத்தை எடுத்து, தேவையானால் மறுகாலால் தடுக்க வேண்டும். முற்றிலும் நேராகும்வரை அழுத்திக்கொண்டிருந்தால் விமானம் மறுபுறம் சுழலும். பயிற்சியில் நான் மிகுதியாகத் திருத்துவது இதைத்தான். பார்வை ஓடுதளத்தின் கடைசியில் இருந்தால் சிறு திருப்பமும் உடனே தெரியும். மூன்று சக்கரமும் தரையில் பட்டபின் கைப்பிடிக் கோலான ஸ்டிக்கை முழுதும் பின்னிழுத்து, காற்று வரும் பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் விமானம் மூக்கு குத்தும்.

பக்கவாட்டில் நகர்ந்தபடி தரை தொட நேர்ந்தால், தாமதிக்காமல் மீண்டும் மேலெழுவதே சரி. பிற்பகல் இடிமழைக்கு முன் வீசும் காற்று நொடியில் திசை மாறுவதால், மேகம் கறுத்திருக்கும்போது காற்றின் திசை காட்டும் காற்றுப்பையை நம்பி இறங்குவதை நான் ஏற்பதில்லை. வால்சக்கர ஸ்பிரிங்குகளின் தளர்வையும், இரு டயர்களின் காற்றழுத்தம் சமமாக உள்ளதா என்பதையும் பறப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சுழலத் தொடங்கிய விமானம் சில நொடிகளில் ஓடுதளத்தை விட்டு வெளியேறும். இறக்கை முனை தரையில் உரசும், சக்கரக்கால் மடியும். எப்பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே உரமூட்டை ஏற்றுவோர் ஓடுதள ஓரத்தில் நிற்காமல், விமானி கைகாட்டிய பிறகே நெருங்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளோ புரொப்பெல்லர் நின்ற பிறகும் கிட்டே வரக்கூடாது. வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர்கள், ஆட்களைக் கூட்டும் காலைப் பெரட்டிலேயே இதைச் சொல்லிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.