அப்டேட்: புதுப்பிப்பதா, இற்றைப்படுத்துவதா?

"அண்ணா, சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கணும்னு திரையில வருது. எவ்வளவு ஆகும்?"

தருமபுரியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகளில் இந்தக் கேள்வி சாதாரணமாகக் காதில் விழும். கேட்பவர் மேல் தப்பில்லை. புதுப்பித்தல் என்றாலே நம் ஊரில் ஏதோ ஒன்று காலாவதியாகிறது என்று பொருள். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், வண்டி இன்சூரன்ஸைப் புதுப்பிக்கிறோம், நகைக்கடனைப் புதுப்பிக்கிறோம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். அதற்குக் காசில்லை, ஆனால் விட்டுவிட்டால் சீனியாரிட்டி போச்சு. அப்படிப் பழகியவரிடம் திரை வந்து "புதுப்பிக்கவும்" என்று சொன்னால் அவர் கை பாக்கெட்டைத்தான் தடவும். காசு கேட்கிறான் என்று எண்ணி, இலவசமாக வருவதையும் மூடிவிட்டுப் போகிறார். கணினிக்குள் இருக்கும் பாதுகாப்பு ஓட்டை அப்படியே திறந்து கிடக்கிறது.

அப்டேட் என்ற இங்கிலீஷ் சொல்லைத்தான் திரையில் "புதுப்பி" என்று தமிழாக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பில் புதுமை என்ற பேச்சே இல்லை. தேதிதான் இருக்கிறது. கணக்கை இன்றைய தேதி வரை எழுதி முடிப்பது, அதாவது நாளது வரைக்கும் கொண்டுவருவது என்பதுதான் அதன் கரு. மென்பொருளுக்கும் அதே பொருள்தான். செய்தவர்கள் இன்றைக்கு எந்த நிலையில் வைத்திருக்கிறார்களோ, அந்த நிலைக்கு உங்கள் கணினியில் இருப்பதையும் கொண்டுவருவது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "புதுப்பித்தல் எல்லாருக்கும் புரிகிற சொல்லாயிற்றே?" புரிகிறது, சரி. தப்பாகப் புரிகிறதே, அதுதான் சிக்கல். வைரஸ் தடுப்பு மென்பொருளைத் திறந்து பாருங்கள். அங்கே இரண்டு வேலைகள் உண்டு. வைரஸ் பட்டியலை அன்றாடம் இறக்கிக்கொள்வது ஒன்று. ஆண்டுச் சந்தா முடிந்தால் மறுபடி பணம் கட்டுவது இன்னொன்று. முதலாவது அப்டேட், இரண்டாவது ரினியூவல். இரண்டுக்கும் "புதுப்பி" என்றே தமிழ் போட்டால் எந்தப் பொத்தானை அழுத்தினால் காசு போகும் என்று எப்படித் தெரியும்? போதாததற்கு, பிரௌசரில் பக்கத்தை மறுபடி ஏற்றும் ரெஃப்ரெஷுக்கும் புதுப்பி. பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து ஓடு மாற்றுவதும் புதுப்பிப்பதுதான். ஒரு சொல்லின் தலையில் எத்தனை மூட்டையைத்தான் ஏற்றுவது?

வீட்டைப் புதுப்பித்தால் வீடு பழைய பொலிவுக்குத் திரும்பும். உரிமத்தைப் புதுப்பித்தால் இருந்த உரிமமே தொடரும். அப்டேட்டில் அப்படி எதுவும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பழைய கோப்பு போய் அந்த இடத்தில் வேறு கோப்பு உட்காருகிறது.

"மேம்படுத்தல்" என்பாரும் உண்டு. அது அப்கிரேடுக்கு இருக்கட்டும். ஒவ்வொரு அப்டேட்டும் மேம்பாடு என்று நம்புகிறவர், அப்டேட் முடிந்த மறுநாள் பிரிண்டர் வேலை செய்யாமல் டிடிபி கடையில் நின்றதில்லை போலும். அப்டேட்டுக்கும் அப்கிரேடுக்கும் வேறுபாடு காட்டுவது வெறும் சொல் விளையாட்டில்லை. விண்டோஸ் 10-க்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்தது அப்டேட். அந்த வழக்கமான வரத்து 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. விண்டோஸ் 11-க்குப் போவது அப்கிரேடு. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பல பழைய கணினிகளில் அது கிடையாது. முதலாவது இருக்கிற பெட்டியிலேயே நடக்கும். இரண்டாவதற்குப் புதுப் பெட்டியே வாங்க நேரலாம். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டுக் கடைக்காரரோடு மல்லுக்கட்டுகிறோம்.

இங்கிலீஷ்காரர்களும் யோக்கியமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் உபுண்டு என்ற மென்பொருளில் 'ஆப்ட் அப்டேட்' என்று கட்டளை கொடுத்தால் ஒரு மென்பொருள்கூட மாறாது. என்னென்ன கிடைக்கிறது என்ற பட்டியல் மட்டும் நாளது நிலைக்கு வரும். மாற்றுவதற்கு 'ஆப்ட் அப்கிரேடு'. அவர்கள் குழப்பிக்கொண்டதற்காக நாமும் குழம்ப வேண்டுமா?

என் வாக்கு "இற்றைப்படுத்தல்" என்ற சொல்லுக்கு. இன்று என்பதிலிருந்து இற்றை; அன்று என்பதிலிருந்து அற்றை. இலக்கண வகுப்பில் அற்றைக்கூலி என்ற எடுத்துக்காட்டைப் படித்திருப்பீர்கள். புறநானூற்றில் பாரி மகளிர் பாட்டில் அற்றைத் திங்களும் இற்றைத் திங்களும் அடுத்தடுத்து வரும். யாழ்ப்பாணத்தார் "இற்றைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்" என்று இன்றும் எழுதுகிறார்கள். ஆக, யாரோ அறைக்குள் உட்கார்ந்து செய்த பொம்மைச் சொல் அல்ல. நாளது வரைக்கும் என்ற பொருளை அச்சு அசலாகத் தருகிறது. கூடவே 'இற்றை' என்று சுருக்கிப் பெயராகவும் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு வரும் ஒரு கேலியும் தெரியும்: "இற்றுப்போன தகரம் மாதிரி இருக்கிறதே!" காதுக்கு அப்படி ஒலிக்கிறது, உண்மைதான். அது இறு என்ற வினையிலிருந்து வருவது, இது இன்று என்ற பெயரிலிருந்து வருவது. ஒலி ஒத்துப்போவதற்காகச் சொல்லைத் தள்ளுவதென்றால் தண்ணீர் ஓடும் ஆறு, எண்ணில் வரும் ஆறு இரண்டையும் என்ன செய்வது?

இதைவிட என்னை உறுத்துவது மொழிபெயர்ப்பு வாக்கியங்கள். "புதுப்பிப்புகளைச் சரிபார்க்கவும்" என்கிறது ஒரு பொத்தான். வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெயர் சரிபார்ப்பதா? நான் எதைச் சரிபார்ப்பது, என்னிடம் என்ன விடைத்தாளா இருக்கிறது? அழுத்தி முடித்ததும் "நீங்கள் புதுப்பித்த நிலையில் உள்ளீர்கள்" என்று வருகிறது. நான் என்ன கோபுரமா, குடமுழுக்கு முடிந்து புதுப்பித்த நிலையில் நிற்பதற்கு? பொத்தான் எங்கே வரும், அதை யார் அழுத்துவார்கள் என்று பார்க்காமல், சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தமிழாக்கினால் இப்படித்தான் வரும். "சமீபத்திய பதிப்பு" என்பதும் அந்த வகைதான். "ஆகப் புதிய பதிப்பு" என்றால் வேலை முடிந்தது.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கடைப் பையன்கள் "அப்டேட் போட்டாச்சு", "புது வெர்ஷன் ஏத்தியாச்சு" என்கிறார்கள். 'ஏத்து' எவ்வளவு நல்ல வினை! அதை எழுத்தில் 'ஏற்று' என்று வைத்துக்கொள்ள எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டாம். தவறான தமிழைவிட அப்டேட் என்ற இரவல் சொல்லே மேல் என்பதும் என் கட்சிதான். ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும் என்று வந்தால் "இற்றை வந்திருக்கிறதா பார்", "இற்றைப்படுத்து", "உங்கள் மென்பொருள் இன்றைய நிலையில் உள்ளது" என்று எழுதுங்கள். பணம் கட்டுகிற இடத்துக்குப் புதுப்பியை விட்டுவிடுங்கள்.