மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால்: அமெரிக்காவில் மேல்முறையீடு

"உங்கள் க்ளெய்ம் மறுக்கப்பட்டது" என்று கடிதம் வந்தால் நம்மவர்கள் இரண்டு நாள் புலம்பிவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். கம்பெனிக்கு வேண்டியதும் அதுதான்.

2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவ இன்சூரன்ஸ் சட்டம் (Affordable Care Act) உருவானபோது, தனியாருக்குப் போட்டியாக அரசே ஒரு இன்சூரன்ஸ் நடத்தும் யோசனையும் இருந்தது. கம்பெனிகள் விடாமல் எதிர்த்தன, செனட்டில் அது கழன்றது. சாமானியருக்கு மிஞ்சியதில் உருப்படியானது மேல்முறையீட்டு உரிமை.

மறுப்பு கைக்கு வந்த 180 நாட்களுக்குள் முதலில் அதே கம்பெனியிடம் முறையிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா ஏழு மாதம் போனிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். "பார்த்துக்கொண்டிருக்கிறோம் மேடம்" என்றே பதில். கடைசியில் பார்த்தால் மேல்முறையீடு என்று எதுவும் பதிவாகவே இல்லை, கெடுவும் போயிற்று. அவசர சிகிச்சை தவிர மற்றதற்குப் போன் பேச்சை நம்பாதீர்கள். எழுதி அனுப்புங்கள், அனுப்பியதற்குச் சான்று வையுங்கள்.

எழுதுமுன் உங்கள் க்ளெய்ம் கோப்பின் நகலைக் கேளுங்கள், இலவசமாகத் தர வேண்டும். பில்லில் சிகிச்சைக்குப் போட்ட குறியீடு (code) தவறு என்றால் ஆஸ்பத்திரியைக் கேள் என்பார்கள், ஆஸ்பத்திரி கம்பெனியைக் கேள் என்னும். இரண்டு பேரையும் ஒரே போனில் இணைத்துப் பேச வையுங்கள். "மருத்துவ ரீதியாகத் தேவையில்லை" என்றால் டாக்டர் கடிதம் வேண்டும். அது கம்பெனி காட்டிய விதிக்கு வரிக்கு வரி பதில் சொல்ல வேண்டும், வெறும் சிபாரிசு செல்லாது.

அங்கேயும் மறுத்தால் நான்கு மாதத்துக்குள் வெளி மறுஆய்வு, அதாவது கம்பெனியைச் சேராத ஒருவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்படி, கேட்கலாம். மருத்துவக் காரணம் சொல்லி மறுத்தவையே பெரும்பாலும் அங்கே போகும். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் கம்பெனி கட்டுப்பட்டே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் கம்பெனியிடம் முறையீடு, வெளி மறுஆய்வு இரண்டையும் ஒன்றாகவே கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வேலையிடத்து இன்சூரன்ஸா? நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி அதைத் தன் சொந்தப் பணத்தில் நடத்துகிறதா என்று முதலிலேயே எச்.ஆரிடம் கேளுங்கள். அப்படியானால் மாநில இன்சூரன்ஸ் துறை "எங்கள் அதிகாரம் இல்லை" என்று திருப்பி அனுப்பும். தொழிலாளர் துறையின் பக்கம் போக வேண்டும்.

பெற்றோருக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸும், குறுகிய காலப் பாலிசிகளும் இந்தச் சட்டத்துக்குள் வராது. அட்டை பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போனால் "ஏற்கெனவே இருந்த நோய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வாங்குமுன் எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்ற விலக்குப் பட்டியலைப் படியுங்கள்.

முறையீடு நடக்கும்போது ஆஸ்பத்திரி பில் தானாக நிற்காது. கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி பில்லிங் ஆபீசுக்கும் அன்றே ஒரு கடிதம் போடுங்கள்.