வழுக்கையாறு எந்தச் சபையின் பொறுப்பு?

போன மாரியில் ஒரு ஐயா இரண்டு சோடாப் போத்தல்களில் தண்ணீருடன் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். ஒன்று வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மற்றது பின்வளவோடு ஓடும் வாய்க்கால் தண்ணீர். அந்த வாய்க்கால் கொஞ்சத் தூரம் போய் யாழ்ப்பாணத்து வழுக்கையாற்றில் விழுகிறது.

“பிள்ளை, தண்ணி தெளிவாத்தானே கிடக்கு. ஆனா பேரப்பிள்ளையளுக்கு மாறி மாறி வயித்தோட்டம்” என்றார். இரவில் பவுசர் (தாங்கி வண்டி) ஒன்று வந்து மலக்குழிக் கழிவை வாய்க்காலில் ஊற்றிவிட்டுப் போனதைத் தன் கண்ணால் கண்டதாகவும் சொன்னார்.

அந்தப் போத்தல்களை நான் வாங்கவில்லை. சோடாப் போத்தலில் எடுத்த தண்ணீரில் கிருமி இருந்தால், அது கிணற்றிலிருந்து வந்ததா போத்தலிலிருந்து வந்ததா என்று எந்த அதிகாரியும் கேட்கலாம். அடுத்த நாள் கிருமி நீக்கிய போத்தல்களோடு நானே போனேன். இடத்தையும் நேரத்தையும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தோம். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு, மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலிக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டு மாதிரியிலும் இருந்தது. கிணற்றில் நைத்திரேற்று வேறு, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது.

நைத்திரேற்றுக்குப் பவுசரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் நாங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டிய மலக்குழிகளும் அதில் பங்காளிகள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் வலு குறைந்து குழந்தை நீலம் பாரிக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு அராலிப் பக்கம் கடல்நீரேரியில் கலக்கிறது. கோடையில் அதில் ஆடு மேயும். அதனால்தானோ என்னவோ, எங்கள் ஆட்கள் பலருக்கு அது குப்பை போட வசதியான ஒரு பள்ளம். ஆனால் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. ஆற்றில் நிற்கும் தண்ணீர் மண்ணில் ஆறுதலாக வடிந்து சுத்தமாக நேரமில்லாமல் கீழே இறங்கி, நாங்கள் குடிக்கும் நிலத்தடி நீரோடு கலந்துவிடுகிறது.

சரி, அறிக்கை கையில் இருக்கிறது. ஐயா அதைக் கொண்டு எங்கள் பிரதேச சபைக்குப் போனார். “அந்தத் துண்டு எங்கட எல்லைக்குள்ள வராது” என்று வாய்ப்பேச்சில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆறு போகும் வழியில் வலிகாமம் வடக்கு, தெற்கு, தென்மேற்கு, மேற்கு என்று நான்கு பிரதேச சபைகள் இருப்பதால், எவருக்கும் இப்படிச் சொல்வது சுலபம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தன் எல்லைக்குள் பொதுச் சுகாதாரம் தொடர்பான கருமங்களைச் சபையின் கையில் கொடுத்திருக்கிறது. குப்பையையும் மலக்கழிவையும் பிறருக்குத் தொல்லையில்லாமல் அகற்றுவதும் அதன் கடமை. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சிறிய தொழில்கள் பலவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கொடுப்பதும் உள்ளூராட்சிச் சபைதான். கழிவு எங்கள் எல்லையில் ஏற்றப்பட்டிருந்தால், அது எந்த எல்லையில் ஊற்றப்பட்டது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டியதும் எங்கள் சபைதான்.

அதனால் நாங்கள் கேள்வியை மாற்றினோம். ஆறு யாருடையது என்று கேட்பதை விட்டுவிட்டு, மலக்கழிவு ஏற்றும் சபையின் பவுசர் எங்கே போனது என்று கேட்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு பக்க விண்ணப்பம் எழுதினோம். குறிப்பிட்ட மூன்று மாதத்துக்குரிய பவுசரின் ரன்னிங் சார்ட் (ஓட்டப் பதிவு), கழிவு ஏற்றப் பணம் கட்டியவர்களுக்கு எழுதிய ரசீதுகளின் எண்ணிக்கை, கழிவு கொட்ட அனுமதிக்கப்பட்ட இடம், இவ்வளவுதான் கேட்டோம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்கு நாங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்த உடனே ஏற்றுக்கொண்டதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பலர் இதை மறந்துபோகிறார்கள்.

பதில் வந்தது. ஓட்டங்கள் எல்லாம் பதியப்பட்டிருந்தன. கழிவு கொட்டிய இடத்துக்கான நிரல் பல நாட்களில் வெறுமையாகக் கிடந்தது. அந்தத் தாளை வட்டார உறுப்பினரிடம் கொடுத்து, மாதாந்தக் கூட்டத்தில் பேசி, கூட்ட அறிக்கையில் பதிய வைத்தோம். அதற்குப் பிறகு அந்த வாய்க்காலுக்குப் பவுசர் வரவில்லை. கழிவைச் சுத்திகரிக்க முறையான இடம் இன்னும் இல்லை. அதற்குப் பணமில்லை என்று சபை சொன்னால் நான் நம்புவேன். பவுசர் எங்கே ஊற்றுகிறது என்று தெரியாது எனச் சொன்னால் நம்ப மாட்டேன், ஏனென்றால் ரசீது எழுதுவது அவர்கள்தான்.

சபைகளின் காலம் முடிந்த 2023 மார்ச்சிலிருந்து 2025 மே மாதத் தேர்தல் முடிந்து சபைகள் கூடும்வரை, உறுப்பினர் என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் மின்நிலையத்து எண்ணெய் கலந்த விடயத்தில் 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பெரிய தீர்ப்புத்தான். ஆனால் அது வருவதற்குள் சனம் எத்தனை வருடம் குடிதண்ணீருக்கு வெளியே கையேந்தி நின்றது என்பதை அங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வருகிற ஐப்பசியில் முதல் வெள்ளம் இறங்கும் நாளில் அளவெட்டியிலிருந்து அராலி வரை ஐந்து மதகடிகளில் மாதிரி எடுக்கப் போகிறோம். ஒரே அறிக்கை நான்கு சபைகளுக்கும் பதிவுத் தபாலில் போகும். மதகடியில் வீடுள்ளவர்கள் வெள்ளம் வந்த நேரத்தை எழுதி வைத்தால் போதும். போத்தல்களை நான் கொண்டுவருகிறேன்.