இரண்டங்குல மனிதனுக்குத் தோல் நிறம்

வன்னியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஒருவரை 1/32 அளவில் சிறு பொம்மையாகச் செய்தால் ஏறத்தாழ 54 மில்லிமீற்றர் உயரம் வருவார். சாரத்தை மடித்துக் கட்டி, மேலுடம்பு வெறுமையாக நிற்கும் அந்த உருவத்துக்கு ஒரே மண்ணிறத்தைப் பூசினால் மரப்பாச்சிதான் மிஞ்சும்.

மேல்தோலிலுள்ள மெலனின் சிவப்பைவிட நீல ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். தப்பிப் போகும் ஒளி கீழே குருதி ஓடும் அடுக்கில் சிதறித் திரும்பும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மெலனின் மிகக் குறைவு. எவ்வளவு கறுத்த உடம்பிலும் அங்கே இளஞ்சிவப்புத் தெரிவது அதனால்தான். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் நிறத்தைத் தடிப்பாகப் பூசினால் இந்த உள்ளொளி செத்துப்போகும். மெல்லிய அடுக்குகளால்தான் அதைக் கொண்டுவரலாம்.

அடிநிறத்துக்கு பேர்ண்ட் அம்பர் (கருமண்ணிறம்) 2 பங்கு, பேர்ண்ட் சியன்னா (செம்மண்ணிறம்) 1, யெலோ ஓக்கர் (மண்மஞ்சள்) 1. சம அளவு தண்ணீர் விட்டு இரண்டு தரம் பூசுங்கள். நிழலுக்கு இதே கலவையில் அம்பரைக் கூட்டி, அல்ட்ராமரின் நீலம் ஒரு பொட்டு. கறுப்பைத் தொடவே வேண்டாம், புகை படிந்ததுபோல் ஆகிவிடும்.

வெளிச்சப் பகுதிகளில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். டைட்டேனியம் வெள்ளை எல்லா நிறத்தையும் ஒரே அளவில் திருப்புவதால், மண்ணிறம் தன் செழுமையை இழந்து சாம்பல் பூக்கும். ஓக்கரையும் சிறிது செம்மஞ்சளையும் சேர்த்து ஏற்றுங்கள். வெள்ளைத் தோலுக்கென எழுதிய கலவைக் குறிப்புகளை இருட்டாக்கிப் பயன்படுத்துவது வீண் வேலை.

எங்கே நிழல்? சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் வன்னியில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். புருவத்தின் கீழ், மூக்கின் அடி, நாடியின் கீழ், விலா ஓரம் எல்லாம் இருளும். நெற்றி, மூக்குத்தண்டு, தோள்மேடு ஒளிரும்.

இரண்டையும் இணைக்க மெல்லிய பூச்சு: நிறம் 1 பங்கு, அக்ரிலிக் மீடியம் (நிறம் சேராத பிணைப்புப் பசை) 4, தண்ணீர் 2. வெறும் தண்ணீரால் இந்த அளவுக்கு நீர்த்தால் பிணைப்புப் பசை பலமிழந்து ஓரங்களில் வளையம் கட்டும். தூரிகையை ரிஷ்யூவில் ஒற்றிவிட்டு, நிழலை நோக்கி இழுங்கள். இழுப்பு முடியும் இடத்தில்தான் நிறம் கூடுதலாகத் தங்கும். ஈரமாக இருக்கையில் பால்போலத் தெரியும் பசை காய்ந்ததும் தெளியும், நிறமும் சற்று இருளும். காயும் முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கீழுதட்டிலும் முழங்கை மூட்டிலும் ஊதா கலந்த சிவப்பு ஒரு பூச்சுப் போதும்.

சோளகம் வீசும் மாதங்களில் நிறம் தூரிகையிலேயே காய்ந்துவிடும். சாப்பாட்டுப் பெட்டி மூடியில் நனைத்த ரிஷ்யூ மடிப்பை வைத்து, மேலே கேக் தட்டுக்கு விரிக்கும் தாளைப் போட்டுக் கலக்குங்கள். மெழுகுத்தாள் ஈரத்தை விடாது. வன்னியில் பல இடங்களில் கிணற்றுநீர் கடினமானது. கேத்தில் அடியில் வெள்ளைப் படிவு தங்கும் நீர் மெல்லிய பூச்சிலும் அதே படிவை விடும். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ எடுங்கள். மாரி ஈரத்தில் ஸ்ப்ரே பிறைமரும் (அடிப்பூச்சு) வார்னிஷும் வெண்பனி பூத்ததுபோல் மங்கும், அந்த நாட்களில் தூரிகையால் பூசுவதே மேல்.

கடைசியில் மினுக்கமில்லாத மட் வார்னிஷ். ஆனால் தோலின் மேற்பரப்பு, நிறம் எதுவானாலும், விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கை நேரே திருப்பிவிடும். கறுத்த தோலில் உள்ளிருந்து திரும்பும் ஒளி குறைவென்பதால் இந்த மினுக்கம் எடுப்பாகத் தெரியும். நெற்றியிலும் தோளிலும் சற்றே மினுங்கும் சாற்றின் (satin) வார்னிஷ் தொட்டு, அதன் கீழ் வானத்தின் நீலச்சாம்பலை மயிரிழையாக வைத்திருந்தால் வியர்வை வந்துவிடும். கணுக்கால்வரை கிறவல் புழுதிக்கு உலர்ந்த செம்மண் நிறத்தூள் தூவுங்கள். அதை வார்னிஷுக்குப் பிறகு தூவவேண்டும். முன்னால் தூவினால் வார்னிஷ் நனைத்துத் தூளை மறைத்துவிடும்.