தொட்டுப் பார்க்கும் விரல்

கப்பல் இன்ஜின் ரூமில் பல வருடம் இருந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குழாயிலோ வால்விலோ ஈரம் தெரிந்தால் விரலால் தொட்டு, தேய்த்து, மோந்து பார்ப்பார்கள். டீசலா, லூப் ஆயிலா, வெறும் தண்ணீரா என்று அந்த நொடியே தெரிந்துவிடும். நானும் அப்படித்தான் வேலை கற்றேன். இன்று மெத்தனாலை எரிபொருளாகக் கொண்டு ஓடும் கப்பலுக்குப் போகும் இன்ஜினியர்களுக்குப் பயிற்சி தரும்போது, முதலில் விடச் சொல்வது இதைத்தான்.

மெத்தனால் தோல் வழியாகவே உடலுக்குள் இறங்கும். அளவு மிஞ்சினால் பார்வை போகும், உயிரும் போகும். கொடுமை என்னவென்றால், அறிகுறிகள் தெரியப் பல மணி நேரம் ஆகலாம். கையைத் துடைத்துக்கொண்டு வாட்ச் (பணி நேரம்) முடித்து, சாப்பிட்டுப் படுத்தவருக்கு, காலையில் கண் மங்கினால்தான் சந்தேகமே வரும்.

அப்புறம் தீ. சரக்குக் கப்பலின் வழக்கமான எரிபொருளுக்கு ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது அதன் ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை, 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்கிறது கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதி. எங்கள் தலைமுறையின் பாதுகாப்பு உணர்வு முழுக்க அந்த எண்ணை நம்பி வளர்ந்தது. மெத்தனாலுக்கு அது சுமார் 11 டிகிரிதான். இன்ஜின் ரூம் சூட்டில் கசிந்த மெத்தனால், பொறி ஒன்று பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். பற்றினாலும் பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, புகையும் வராது. அதனால் வெப்பக் கேமராவில் பார்க்காமல் ஓர் அடிகூட முன்னே வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தீயணைக்கும் சாதாரண நுரையை மெத்தனால் கரைத்துவிடும். ஆல்கஹாலைத் தாங்கும் நுரைதான் வேண்டும்.

இன்னொரு மாற்று எரிபொருளான அம்மோனியாவில் மூக்கு உதவும். மிகக் குறைந்த அளவிலேயே நெடி அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு வந்தாலே உயிருக்கு ஆபத்து என்பதால், நெடி வந்ததும் வெளியேற வேண்டும். ஆனால் கசிவு என்றால் அதை நோக்கி ஓடித்தான் நமக்குப் பழக்கம். கையில் ஹோஸ் இருந்தால் நேராகத் தண்ணீரைப் பீய்ச்சுவோம். மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. தேங்கி நிற்கும் அம்மோனியா மேல் தண்ணீர் பட்டால் இன்னும் வேகமாக ஆவியாகும். தண்ணீரைத் திரை போல ஆவி மேகத்தின் மீது பிடிக்க வேண்டும், தேங்கிய குட்டையின் மீது அல்ல. பித்தளை, செம்பு எல்லாவற்றையும் அம்மோனியா அரிக்கும். அவசரத்துக்குக் கையில் கிடைத்த வாஷரைப் போடும் வேலை இங்கே ஆகாது.

ஒரு கிலோ மெத்தனாலில் இருக்கும் ஆற்றல், டீசலில் இருப்பதில் பாதிகூட இல்லை. அம்மோனியாவும் அப்படியே. அதே தூரம் ஓட இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் ஏற்ற வேண்டும். டேங்க் போதவில்லை என்றால் அடிக்கடி பங்கரிங், அதாவது எரிபொருள் நிரப்புதல். ஒவ்வொரு முறையும் ஹோஸை மாட்டி, நைட்ரஜனால் சுத்தம் செய்து, கழற்ற வேண்டும். ஆபத்து அந்த இணைப்பில்தான் அதிகம்.

இப்போது கப்பல் பணியாளர் பயிற்சிக்கான சர்வதேச ஒப்பந்தமான எஸ்டிசிடபிள்யூவின் விதியைப் பாருங்கள். எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) போன்ற எரிபொருளில் ஓடும் கப்பல்களுக்கான மேல்நிலைச் சான்றிதழுக்குக் குறைந்தது ஒரு மாதக் கடல் பணியும் மூன்று பங்கரிங்கும் வேண்டும். அதில் இரண்டைச் சிமுலேட்டரில் முடிக்கலாம். அதாவது, நிஜத்தில் ஒரே ஒரு பங்கரிங் பார்த்தவர் பொறுப்பேற்க முடியும். எனக்கு இது போதாது. சிமுலேட்டரில் கை வியர்க்காது. முழு உடல் கவசத்துக்குள் மூச்சு வாங்காது. ஹோஸைத் தூக்கும் மோட்டார்மேனும் ஃபிட்டரும் பெரும்பாலும் அடிப்படைப் பயிற்சியோடு நின்றுவிடுகிறார்கள். கசிந்தால் முதலில் நனைவது அவர்கள்தான்.

2050 வாக்கில் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023-ல் இலக்கு வைத்திருக்கிறது. அதிலும் இன்ஜினியர் கைக்கு வேலை இருக்கிறது. எல்என்ஜி இன்ஜினில் எரியாமல் நழுவும் மீத்தேனும், அம்மோனியா எரியும்போது உண்டாகும் நைட்ரஸ் ஆக்சைடும் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு கொடியவை. டியூனிங்கும் பராமரிப்பும் தளர்ந்தால், கப்பல் மாற்று எரிபொருளில் ஓடியும் பலன் கரைந்துபோகும்.

என் வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். மெத்தனாலுக்குப் பதில், புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கலந்த தண்ணீர். ஃபில்டர் மாற்றச் சொல்வேன். கவசம் போட்டு, கழற்றி, எல்லாம் முடிந்ததும் அறையை இருட்டாக்கி விளக்கைப் பிடிப்போம். போன முறை வந்த ஒரு செகண்ட் இன்ஜினியர் மிகக் கவனமாகத்தான் செய்தார். கையுறைக்குள் அவர் விரல்கள் சுத்தமாக இருந்தன. மாஸ்க்கைக் கழற்றும்போது பட்ட காதின் பின்புறமும், சட்டைப் பையில் இருந்து எடுத்த போனும் ஒளிர்ந்தன. அவரே மறுபடியும் முதலில் இருந்து செய்கிறேன் என்றார். மூன்றாவது முறையில்தான் இருட்டில் எதுவும் தெரியவில்லை.